கழுத்துக் குழாய் அறுவையும் இரத்தக் கொதிப்பும்

பொழுது புலருமுன்னே நெற்றி விளக்குடன் பால்மரக் காட்டினுள் நுழையும் தொழிலாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வயது ஐம்பத்தைந்து. நிரையில் பாதி மரங்களை வெட்டி முடித்துவிட்டார். அடுத்த மரத்தின் பட்டையில் கத்தியை வைக்கும் வேளையில், வலக்கை திடீரென மரத்துப் போகின்றது. கத்தி நழுவித் தரையில் விழுகின்றது. அருகிலிருப்பவரைக் கூப்பிட வாயெடுக்கின்றார், சொல் குழறுகின்றது. மரத்தடியில் அமர்கின்றார். பத்து நிமிடங்கள் கழிகின்றன. கை பழையபடி அசைகின்றது; பேச்சும் தெளிகின்றது. எழுந்து மீதி மரங்களையும் வெட்டிவிட்டு, பாலை நிறுவைக்குக் கொண்டு செல்கின்றார். வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் மருத்துவமனைக்குப் போகச் சொல்வார்கள். ஒரு நாள் கூலி போய்விடும்.

அவர் கைவிட்டது ஒரு நாள் கூலியையன்று, தம் வலக்கையைக் காத்துக்கொள்ளக் கிடைத்த நல்வாய்ப்பை என்பதே இப்பாடத்தின் கருத்தாகும். அந்தப் பத்து நிமிடங்களில் அவருடைய உடலில் நிகழ்ந்தது யாது? அதற்கும் இரத்தக் கொதிப்புக்கும் என்ன தொடர்பு? கழுத்தில் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மூளைக்குச் செல்லும் குழாய்கள்

தாடை எலும்பின் கீழே, குரல்வளையின் இருபுறமும் விரல் நுனியை மெதுவாக வைத்தால் நாடித் துடிப்பை உணரலாம். அங்கே ஓடுவன கழுத்துத் தமனிகள். இதயத்திலிருந்து புறப்படும் நல்ல இரத்தத்தை மூளைக்குக் கொண்டு செல்லும் பெருவழிகள் இவையே. கழுத்தின் பின்புறத்தில் முதுகெலும்பை ஒட்டி வேறு இரு சிறு குழாய்களும் மேலே செல்கின்றன. இந்நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையம்போல ஒன்றோடொன்று இணைகின்றன.

கழுத்துத் தமனிக்கு மேனாட்டார் வழங்கும் பெயர், உணர்விழந்த மயக்கத்தைக் குறிக்கும் பண்டைக் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. இக்குழாயை அழுத்தினால் மனிதன் உணர்விழப்பான் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். ஆகவே, நாடியை உணர்ந்து பார்ப்பதற்கும் கழுத்தை அழுத்துவதற்கும் வேறுபாடு உண்டென்பதை மறவாதீர்கள். இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் ஒருபோதும் அழுத்தலாகாது.

தாடையின் கோணத்திற்கு அருகே ஒவ்வொரு தமனியும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை முகத்துக்கும் தலையின் வெளிப்பகுதிக்கும் செல்லும். மற்றது மூளைக்கும் கண்ணுக்கும் செல்லும். இந்தக் கவையில்தான் நம் உடல் ஓர் அரிய காவலனை நிறுத்தி வைத்துள்ளது. குழாய்ச் சுவரிலுள்ள நரம்பு முனைகள் அங்கு ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தை நொடிதோறும் அளந்து மூளைக்கு அறிவிக்கின்றன. அழுத்தம் ஏறினால் இதயம் மெல்லத் துடிக்கும். இறங்கினால் விரைந்து துடிக்கும். இந்தக் காவலனைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

அடைப்பு உண்டாகும் விதம்

மங்கை நாள்தோறும் துடைக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதைப் பால்வெட்டும் நம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உறைந்த பால் உட்புறத்தில் தோலாகப் படியும். அதன்மேல் இன்னொரு தோல் படியும். நாளடைவில் மங்கு கொள்ளும் பாலின் அளவு குறைந்துவிடும். இரத்தக் குழாயிலும் இதனையொத்ததொரு கேடு நிகழ்கின்றது. ஆனால் அங்கே படிவு சுவரின் மேலன்று, சுவரின் உள்தோலுக்கு அடியிலேயே கொழுப்பும் சுண்ணமும் சேர்ந்து தடிக்கின்றது. குழாய் இரண்டாகப் பிரியும் கவையில் இரத்தம் சுழித்து ஓடுவதால், அவ்விடமே இப்படிவுக்கு ஏற்ற இடமாகின்றது.

இரத்தக் கொதிப்பு இவ்வேலையை விரைவுபடுத்துகின்றது. அளவுக்கு மீறிய வேகத்தில் பல்லாண்டு மோதும் இரத்தம் குழாயின் உள்தோலைப் புண்படுத்துகின்றது. புண்பட்ட தோலின் வழியே கொழுப்பு உட்புகுகின்றது. புகைபிடித்தலும் நீரிழிவும் இதற்குத் துணை போகின்றன. படிவு ஒரு நாள் வெடித்தால் அதன்மேல் இரத்தம் கட்டிக்கொள்ளும். அக்கட்டியின் சிறு துணுக்குப் பிரிந்து மேலே சென்று மூளையின் மெல்லிய குழாயொன்றை அடைத்துவிடும். துணுக்குத் தானாகக் கரைந்துவிட்டால் கை மீண்டும் அசையும். கரையாவிட்டால் அதுவே பக்கவாதம்.

இடப்பக்கத்து மூளை உடலின் வலப்பக்கத்தை ஆள்கின்றது. பெரும்பாலோருக்குப் பேச்சும் அதன் பொறுப்பே. எனவே, நாம் முதலிற் கண்ட தொழிலாளருக்கு அடைப்பு இடப்பக்கக் கழுத்தில் இருக்கக்கூடும். சிலருக்குக் கை கால் தளர்வதற்கு மாறாக, ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் சில நிமிடங்கள் பார்வை மறைந்து மீளும். இதுவும் அதே எச்சரிக்கையே.

எச்சரிக்கை மணி

சில நிமிடங்களில் மறைந்துவிடும் இந்நிலையைச் சிறு பக்கவாதம் என்பர். வலி இல்லை, காயம் இல்லை, மறுநாள் அடையாளமும் இல்லை. அதனால்தான் மக்கள் இதனைச் சோர்வென்றும் காற்றுப் பிடித்ததென்றும் கருதி விட்டுவிடுகின்றனர். உண்மையில், இதற்குப் பின்வரும் முதற்சில நாட்களே பெரும் பக்கவாதம் வரக்கூடிய மிக ஆபத்தான நாட்களாகும்.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் எது தோன்றினாலும் உடனே 999 என்ற எண்ணை அழையுங்கள். தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் செலுத்த முடியும் என்பதால், மருத்துவர் முதலிற் கேட்பது அந்த நேரத்தையே. விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கக்கூடுமாதலால், நோயாளிக்குத் தண்ணீரோ காப்பியோ மருந்தோ கொடுக்காதீர்கள். கழுத்தை உருவி விடுதல் கூடவே கூடாது. படிவு பெயர்ந்து மூளைக்குச் செல்ல அதுவே காரணமாகலாம். கை கால் தாமாகச் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

அறுவை யாருக்கு வேண்டும்?

கிள்ளான் வட்டாரத் தோட்டத்தில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தால், பெரும்பாலும் முதலிற் கொண்டு செல்லப்படும் இடம் கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையாகும். அங்கே மூளையைப் படமெடுப்பர். இரத்தக் குழாய் அடைபட்டதா, வெடித்து இரத்தம் கசிந்ததா என்பதை அப்படமே காட்டும். பின்னர், ஒலியலைக் கருவியைக் கழுத்தின்மேல் நகர்த்திக் குழாய் எவ்வளவு குறுகியுள்ளது என அளப்பர். இதில் வலியில்லை, ஊசியுமில்லை. அறுவை தேவையெனத் தோன்றினால், இரத்தக் குழாய் அறுவை வல்லுநர் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவர். தோட்டத்திலிருந்து வரும் குடும்பத்தார் பிரிக்பீல்ட்சிலோ செந்தூலிலோ உள்ள உறவினர் வீட்டில் தங்கி நோயாளியைப் பார்த்து வருவது நாம் நன்கறிந்த காட்சி.

இரத்தக் கொதிப்புள்ள எல்லாருக்கும் இவ்வறுவை தேவையில்லை. மிகப் பலருக்கு மாத்திரையே போதும். அறுவையால் மிகுந்த பயன் பெறுவோர், ஏற்கனவே சிறு பக்கவாதமோ மிதமான பக்கவாதமோ வந்து, அதே பக்கக் கழுத்துக் குழாய் 70 விழுக்காட்டுக்கு மேல் குறுகியிருப்போர் ஆவர். 1991-ஆம் ஆண்டில் வட அமெரிக்க ஆய்வொன்று இத்தகைய 659 நோயாளிகளைப் பற்றிய முடிவை வெளியிட்டது. மருந்து மட்டும் உண்டவர்களில் ஈராண்டுக்குள் 100-க்கு 26 பேருக்கு அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது; மருந்துடன் அறுவையும் செய்துகொண்டவர்களில் அது 9 பேராகக் குறைந்தது. குறுக்கம் 50 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் அறுவையால் பயனில்லை. முற்றிலும் அடைபட்டுவிட்ட குழாயையும் பொதுவாக அறுப்பதில்லை. அறிகுறி தோன்றிய இரு வாரங்களுக்குள் செய்தால்தான் பயன் மிகுதி. முதல் நாளே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமென நாம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

ஆசிய மக்களிடையே அடைப்பு கழுத்தில் அன்றி மண்டையோட்டுக்கு உள்ளேயே அமைவதும் மிகுதியாகக் காணப்படுகின்றது. அங்கே இந்த அறுவை எட்டாது. ஆகவே, ஒருவருக்கு அறுவை வேண்டாமென மருத்துவர் கூறினால் அவரைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ணலாகாது.

இவ்வறுவை பிறந்த கதை

1953-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள், அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி என்னும் மருத்துவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் கழுத்துக் குழாயைத் திறந்து அடைப்பை அகற்றினார். ஓட்டுநருக்கு வயது 53. அவர் அதன்பின் 19 ஆண்டுகள் பக்கவாதம் இன்றி வாழ்ந்தார். ஆயினும் டிபேக்கி இச்செய்தியை 1975-இல்தான் முறையாக வெளியிட்டார்.

இதற்கிடையில், 1954-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் லண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையில் 66 வயது மாது ஒருவருக்கு அறுவை நடந்தது. அவருக்கு அதுவரை 33 முறை சிறு பக்கவாதம் வந்து மறைந்திருந்தது. குழாயைக் கட்டி வைக்கும் வேளையில் மூளை தாங்க வேண்டுமே என்று அவர் உடலைப் பனிக்கட்டியால் குளிரச் செய்து, குறுகிய பகுதியை வெட்டி நீக்கி முனைகளை இணைத்தனர். ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகியோர் அதே ஆண்டில் இதனை எழுதி வெளியிட்ட பிறகே உலகெங்கும் மருத்துவர்கள் இத்துறையில் இறங்கினர்.

அறுவை நடைபெறும் முறை

கழுத்தின் பக்கவாட்டில், தசையின் முன்னோரமாகக் கீறிக் குழாயை வெளிப்படுத்துவர். இரத்தம் உறையாதிருக்க மருந்து செலுத்திவிட்டு, படிவுக்கு மேலும் கீழும் கவ்விகளால் குழாயை மூடுவர். தேவையானால் சிறு பிளாஸ்டிக் குழலொன்றை இடையில் செருகி, இரத்தம் மூளைக்குச் செல்லத் தற்காலிக வழி அமைப்பர். பின்னர்க் குழாயைப் பிளந்து, தடித்த உள்தோலைப் படிவோடு உரித்தெடுப்பர். மங்கிலிருந்து உறைந்த பாலைத் தோலாக உரித்தெடுக்கும் கைகளுக்கு இவ்வேலையின் தன்மை எளிதில் விளங்கும். பெரும்பாலும் ஓர் ஒட்டுத்துண்டை வைத்துத் தைத்துக் குழாயை மூடுவர்.

இதனை முழு மயக்கத்திலும் செய்யலாம். கழுத்தை மட்டும் மரக்கச் செய்தும் செய்யலாம். பின்னதில் நோயாளி விழித்தேயிருப்பார். எதிர்ப்பக்கக் கையால் எதையேனும் அமுக்கும்படி மருத்துவர் அவ்வப்போது கேட்பார். கை தளர்ந்தால் மூளைக்கு இரத்தம் போதவில்லையென உடனே தெரிந்துவிடும். 3,526 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2008-இல் வெளியான ஆய்வு, இரு முறைகளுக்குமிடையே பெரிய வேறுபாடு இல்லையெனக் காட்டியது. அறுக்காமல், குழாயினுள் வலைக்குழலொன்றைச் செலுத்தி விரிக்கும் முறையும் இன்று உண்டு. எம்முறை ஏற்றதென்பதை நோயாளியின் வயதும் உடல்நிலையும் முடிவு செய்யும்.

கொதிப்புள்ளவருக்கு மூன்று கண்டங்கள்

இப்பாடத்தின் மையப்பகுதிக்கு வந்துவிட்டோம். கழுத்துக் குழாய் அறுவைக்கு வருவோரில் பெரும்பாலோர் இரத்தக் கொதிப்பு உடையவர்களே. அவர்களுடைய அழுத்தத்தை அறுவைக்கு முன்னும், அறுவையின்போதும், அறுவைக்குப் பின்னும் ஆள வேண்டியுள்ளது.

முதலாவது, அறுவைக்கு முன். மேல் எண் 180-ஐத் தாண்டியிருந்தால் அறுவையை ஒத்திவைத்து, முதலில் அழுத்தத்தைக் குறைப்பதுண்டு. ஆனால் ஒரே நாளில் அளவுக்கு மீறிக் குறைப்பதும் தீது. ஏனெனில், குறுகிய குழாயின் வழியே இரத்தத்தை மேலே தள்ளுவது அந்த அழுத்தமே. சிறு ஓடையில் நீர் வரத்து குறைந்தால் கடைசி வயல் முதலில் காய்வதைப்போல், அழுத்தம் சட்டென வீழ்ந்தால் மூளையின் கோடிப் பகுதி வாடும். நேற்று விட்ட மாத்திரையையும் சேர்த்து இன்று இரட்டிப்பாக விழுங்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறுவை நாளன்று காலையில் எந்த மாத்திரையை உண்பது, எதை நிறுத்துவது என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அறுவையின்போது. கவ்வியால் ஒரு குழாய் மூடப்பட்டிருக்கும் வேளையில், மூளை மற்ற மூன்று குழாய்களையே நம்பியிருக்கின்றது. அப்போது அழுத்தம் தாழாதவாறு மயக்க மருத்துவர் காத்து நிற்பார். மணிக்கட்டுத் தமனியில் செருகிய மெல்லிய குழல், இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் அழுத்தத்தைக் கருவியில் காட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, அறுவைக்குப் பின். குழாயின் கவையிலுள்ள காவலனைப் பற்றி முன்னர்க் கூறினோம். கத்தி பட்ட இடத்திலேயே அவன் இருப்பதால், அறுவைக்குப்பின் சில நாட்கள் அவன் வேலை தடுமாறும். அழுத்தம் திடீரென ஏறும், அல்லது இறங்கும். அத்துடன், நெடுநாள் குறைந்த இரத்தத்துக்கே பழகிப்போன மூளைக் குழாய்கள், வழி திறந்தவுடன் பெருகிவரும் இரத்தத்தைத் தாங்க மாட்டாமல் விரிந்தே கிடக்கும். அவ்வேளையில் கொதிப்பும் ஏறினால் மூளை வீங்கும். குழாய் வெடித்து இரத்தம் கசியவும் கூடும். கழுத்துத் தையலின் கீழ் இரத்தம் சேர்ந்து மூச்சுக்குழலை நெருக்குவதும் உண்டு.

அரிதாக நேரும் இக்கேடுகளைத் தடுக்கவே, அறுவை முடிந்தவரைத் தனிக் கண்காணிப்பில் வைத்து அழுத்தத்தை அடிக்கடி அளக்கின்றனர். நலமாயிருக்கின்றேன், வீட்டுக்கு விடுங்கள் என்று முதல் நாளே வாதிடலாகாது. வீடு திரும்பிய பின்னும் ஏறத்தாழ ஒரு மாதம் விழிப்பு வேண்டும். அறுவை செய்த பக்கத்தில் கடுந்தலைவலி, கண்ணுக்குப் பின்னே வலி, வலிப்பு, குழப்பம், கழுத்து வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் வலி மாத்திரை வாங்கி விழுங்கிப் படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குத் திரும்புக.

மாத்திரையின் மதிப்பு

கழுத்தில் கத்தி வைத்த பின் மாத்திரை எதற்கு என்று கேட்போர் உளர். அறுவை நீக்கியது ஓரிடத்து அடைப்பையே. அடைப்பை உண்டாக்கிய கொதிப்பு அப்படியே இருக்கின்றது. மறுபக்கக் கழுத்தும் இதயமும் சிறுநீரகமும் இன்னும் அதன் தாக்குதலுக்கு உட்பட்டவையே.

1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300-க்கு 190 என அளக்கப்பட்டது. கொதிப்பு இருப்பதை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். ஆனால் அதனைத் தக்கவாறு அடக்கும் மாத்திரை அக்காலத்தில் இல்லை. சில ஆண்டுகளுக்குப் பின், இந்தியாவில் நெடுங்காலம் வழங்கிவந்த சர்ப்பகந்தி வேரைப் பற்றி பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 1949-இல் எழுதிய கட்டுரை மேனாட்டாரின் கவனத்தை ஈர்த்தது. 1952-இல் அவ்வேரிலிருந்து மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதன்பின் அதனினும் சிறந்த மருந்துகள் பல வந்துவிட்டன. உலகின் வலிமை மிக்க தலைவருக்கு அன்று கிட்டாத மருந்து, இன்று அரசாங்க மருந்தகத்தில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் நம் குடிமக்களுக்குக் கிடைக்கின்றது. அதனை அலமாரியில் அடுக்கி வைப்பது எத்துணைப் பெரிய இழப்பு!

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100-க்கு 30 பேருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு அது இருப்பதையே அறியார். கொதிப்பு வலிப்பதில்லை, அளந்தால்தான் தெரியும். பலமுறை அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கொதிப்பே.

உணவில் உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருத்தல் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப், பொட்டலத்து மீ ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். வெயிலில் உழைப்போர்க்கு நீர் மிகுதியாக வேண்டும். உப்புக் கருவாடு வேண்டியதில்லை. புகைப்பதை அறவே விடுக.

குடும்பத்தார் கேட்க வேண்டியவை

கழுத்தில் கத்தியா என்ற அச்சம் இயற்கையே. அச்சத்தைப் போக்க வழி, மருத்துவரிடம் கேட்பது. குழாய் எத்தனை விழுக்காடு குறுகியுள்ளது? அறுவையினாலேயே பக்கவாதம் வரும் வாய்ப்பு இம்மருத்துவமனையில் எவ்வளவு? அறிகுறி கண்டவர்களுக்கு அது 100-க்கு 6-க்கு மேற்படலாகாது என்பது மருத்துவ உலகம் வகுத்துள்ள அளவு. அறுவை செய்யாவிடில் என்ன நேரும்? எப்போது வேலைக்குத் திரும்பலாம்? இவற்றுக்கு விடை பெற்றபின் முடிவெடுங்கள். கோவிலில் வேண்டிக்கொள்வோர் வேண்டிக்கொள்ளலாம். ஆனால் நல்ல நாள் பார்த்து இரு வாரத்தைக் கடத்திவிடாதீர்கள்.

பக்கவாதம் ஏற்கனவே வந்துவிட்டவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. தாமே பக்கவாதத்துக்கு ஆளாகி மீண்ட ஜேனட் இயோ என்னும் மாது 1996-இல் தேசியப் பக்கவாதச் சங்கத்தைத் தொடங்கினார். பெட்டாலிங் ஜெயாவில் தோன்றிய அச்சங்கம், கை காலுக்கும் பேச்சுக்கும் மீண்டும் பயிற்சி அளிக்கும் பணியைச் செய்து வருகின்றது.

மீண்டும் நம் தொழிலாளரிடம் வருவோம். மரத்தடியில் அமர்ந்த அந்தப் பத்து நிமிடங்களை அவர் இன்று மாலையேனும் மனைவியிடம் சொல்லட்டும். நாளை ஒரு நாள் அவருடைய நிரை வெட்டப்படாமல் கிடக்கட்டும். பால்மரம் காத்திருக்கும்; மூளை காத்திராது.

படித்தபின் சிந்திக்க

1. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்ட கைத்தளர்ச்சியை ஏன் அலட்சியம் செய்யலாகாது?
2. குறுகிய கழுத்துக் குழாய் உடையவருக்கு அழுத்தம் சட்டென இறங்குவதும் ஏன் தீங்கு?
3. அறுவை முடிந்து ஒரு மாதத்துக்குள் எவ்வெவ் அறிகுறிகள் தோன்றினால் மருத்துவமனைக்குத் திரும்புதல் வேண்டும்?
4. உங்கள் வீட்டில் நாற்பது வயதைக் கடந்தோர் கடைசியாக இரத்த அழுத்தம் அளந்தது எப்போது? விடை தெரியாவிடில், இவ்வாரமே மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.